சிற்றூருக்கும் ஒரு பங்கு! – ஆலை ஊரை உலகச் சாம்பியன் ஆக்கிய டெலிவிஷன் பணம்

வடசென்னையில் மணலியைத் தாண்டினால் சடையங்குப்பம் வரும். ஒரு பக்கம் கொசஸ்தலையாறு. மற்றொரு பக்கம் ஆலைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பர்மா நகர் இங்கேதான் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, மோட்டார்த் தொழிற்சாலை, துறைமுகம் இவற்றை நம்பி வாழும் வட்டாரம் இது.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் பெரிய பந்தயத்தை மைதானத்துக்கே போய்ப் பார்க்க எத்தனை பேரால் முடியும்? நேரு ஸ்டேடியம் இருப்பது பெரியமேட்டில். ஆட்டம் தொடங்குவது இரவில். முடிந்து, பஸ் பிடித்து, வீடு வந்து சேர நடுநிசி ஆகிவிடும். விடிந்தால் ஷிப்டுக்குப் போகவேண்டியவர் அதற்குத் துணிவாரா?

ஆகவே அவருக்குப் பந்தயம் என்பது டெலிவிஷனில் வருவதுதான். வந்தால் பந்தயம் உண்டு. வராவிட்டால் இல்லை!

2025-ம் ஆண்டில் ஒரு விசித்திரம் நடந்தது. நாட்டின் பெரிய கால்பந்து லீக், வழக்கமான காலத்தில் தொடங்கவே இல்லை. ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். மைதானங்கள் இருந்தன. ரசிகர்களும் இருந்தார்கள். எதுதான் இல்லை? லீக்கின் ஒளிபரப்பு உரிமையையும் வியாபார உரிமையையும் பணம் கொடுத்து எடுக்க ஆள் இல்லை!

ஒளிபரப்புப் பணம் யாருக்குச் சேரவேண்டும், எப்படிச் சேரவேண்டும் என்ற கேள்வி நமக்குப் புதிது. அமெரிக்கர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சந்தித்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட விடை, மணலியைப் போன்ற ஓர் ஆலை ஊரை உலகச் சாம்பியன் ஆக்கியது!

அது எப்படி?

கையால் ஆடும் கால்பந்து

அமெரிக்கர்கள் "ஃபுட்பால்" என்று சொல்லும் ஆட்டம் வேறு. பந்து உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூரான முட்டையைப் போல இருக்கும். காலால் உதைப்பது கொஞ்சம். கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதும்தான் அதிகம். தலையில் கவசம், தோளில் கவசம். பக்கத்துக்கு 11 பேர். எல்லைக்கு எல்லை 100 கெஜம்.

பந்து கைக்கு வந்த கோஷ்டிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறவேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள். தவறினால் பந்து எதிரிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. இதற்கு "டச் டவுன்" என்று பெயர்.

சடுகுடு பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். எல்லையைத் தொடப் பாய்வது ஒருவன் வேலை. மடக்கிப் பிடித்துக் கீழே தள்ளுவது மற்றவர்கள் வேலை.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இந்த ஆட்டம் ஒரே ஓட்டமாக நடப்பதில்லை. நின்று நின்றுதான் நடக்கிறது. நிற்கும்போதெல்லாம் நடுவே ஒரு விளம்பரம் போடலாம். டெலிவிஷனுக்கென்றே பிறந்த ஆட்டம்!

ஆலையில் பிறந்த கோஷ்டி

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் "கிரீன் பே" என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏரிக் கரையில் ஒரு துறைமுகம். காகித ஆலைகள். இறைச்சியைப் பதப்படுத்தும் ஆலைகள். பனிக்காலத்தில் உறைய வைக்கும் குளிர். ஜனத்தொகை இன்றைக்கும் ஒரு லட்சத்தைச் சற்றுத்தான் தாண்டும்.

1919-ம் ஆண்டில் இந்த ஊரில் இறைச்சி ஆலை ஒன்றில் வேலை பார்த்த வாலிபர் கர்லி லாம்போ. அவர் ஒரு கால்பந்து கோஷ்டியைத் தொடங்க ஆசைப்பட்டார். உடுப்புக்கும் சாமான்களுக்கும் 500 டாலர் கொடுத்தது அந்த ஆலை. அதனால் கோஷ்டிக்கும் "பாக்கர்ஸ்" என்று பெயர் வந்தது. பாக்கர்ஸ் என்றால் இறைச்சியைப் பதப்படுத்தி அடைக்கிறவர்கள். ஆலையின் பெயர் என்ன தெரியுமா? "இந்தியன் பாக்கிங் கம்பெனி"! நம் நாட்டோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. அமெரிக்கப் பூர்வ குடிகளைக் குறிக்கும் பெயர் அது.

1923-ம் ஆண்டில் பணமுடை வந்தது. ஊர் ஜனங்கள் பங்கு வாங்கிக் கோஷ்டியைக் காப்பாற்றினார்கள். அன்று முதல் அது ஜனங்களின் சொத்து. தனி முதலாளி கிடையாது. இன்றைக்குப் பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு லாபத்தில் ஒரு காசு வராது. பங்கை விற்றுப் பணம் பண்ணவும் முடியாது. "இது எங்கள் கோஷ்டி" என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்!

நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய பெரிய நகரங்களோடு இந்தச் சிற்றூர் எப்படிப் போட்டி போடும்? டெலிவிஷன் வந்தபோது இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்னை ஆயிற்று.

கம்பி கழன்ற நிமிஷம்

1958-ம் ஆண்டு டிசம்பர் 28-ம் தேதி. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் பந்தயம். நியூயார்க் ஜயண்ட்ஸ் ஒரு பக்கம். பால்டிமோர் கோல்ட்ஸ் மறு பக்கம். குறித்த நேரம் முடிந்தபோது ஆளுக்கு 17 புள்ளி. சம நிலை! கூடுதல் நேரம் கொடுத்து ஆட்டத்தை நீட்டினார்கள்.

சுமார் நாலரைக் கோடி ஜனங்கள் டெலிவிஷன் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பால்டிமோர் வெற்றியை நெருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, மைதானத்தில் ஒரு கம்பி கழன்றுபோய், நாடெங்கும் திரை இருண்டது! அதே சமயத்தில் யாரோ ஒருவர் மைதானத்துக்குள் ஓடினார். அவரைப் பிடித்து வெளியேற்றுவதற்குள் ஆட்டம் சற்று நின்றது. அதற்குள் கம்பியைச் சேர்த்துவிட்டார்கள். ஓடிய ஆள் டெலிவிஷன் கம்பெனியைச் சேர்ந்தவர் என்றும், நேரம் கிடைப்பதற்காகவே ஓடினார் என்றும் இன்றளவும் கதை உண்டு.

திரை வெளுத்தது. ஆலன் அமீச்சி பந்தோடு எல்லைக்குள் பாய்ந்தார். 23-17! பால்டிமோர் வென்றது.

இந்தப் பந்தயத்தை அமெரிக்கா முழுவதும் பார்த்தது. ஆனால் பந்தயம் நடந்த நியூயார்க் நகரத்து வீடுகளில் பார்க்க முடியவில்லை! "உள்ளூரில் காட்டினால் டிக்கெட்டு விற்காது" என்று அந்த வட்டாரத்தில் மட்டும் ஒளிபரப்பைத் தடுத்திருந்தார்கள். ஸ்டேடியத்தின் எதிர் வீட்டுக்காரரும் வெளியூர் போனால்தான் பார்க்கலாம்!

அன்று ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மைதானத்தில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். வெளியே இருப்பவர்கள் கோடிக்கணக்கில். இனிமேல் பணம் வரப்போவது வெளியேயிருந்துதான்.

"ஆளுக்குச் சம பங்கு!"

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் தன் ஆட்டங்களைத் தானே டெலிவிஷன் கம்பெனிக்கு விற்றது. நியூயார்க்கில் லட்சக்கணக்கான வீடுகள். ஆகவே நியூயார்க் கோஷ்டிக்குக் கொழுத்த பணம். கிரீன் பே போன்ற ஊருக்குச் சொற்பம். இப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணக்காரக் கோஷ்டி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொள்ளும். ஏழைக் கோஷ்டி சாகும். பிறகு பணக்காரக் கோஷ்டி யாரோடு ஆடும்?

1960-ம் ஆண்டில் லீக்கின் தலைவராக வந்தவர் பீட் ரோசெல். வயது 33. அவர் ஒரு யோசனை சொன்னார். "எல்லா ஆட்டங்களையும் ஒரே கட்டாக விற்போம். வருகிற பணத்தை எல்லாக் கோஷ்டிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம்."

பெரிய நகரத்து முதலாளிகளுக்கு இது நஷ்டம்தானே? இருந்தாலும் நியூயார்க் கோஷ்டியின் உரிமையாளர்களான மாரா குடும்பத்தார் ஒப்புக்கொண்டார்கள். லீக் வாழ்ந்தால்தான் தாங்களும் வாழமுடியும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

கோர்ட்டு குறுக்கே வந்தது. எல்லோரும் கூடிக்கொண்டு ஒரே விலைக்கு விற்பது போட்டியை ஒழிக்கும் காரியம் என்று நீதிபதி தடுத்துவிட்டார். விஷயம் அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்குப் போயிற்று. விளையாட்டு லீக்குகள் ஒளிபரப்பு உரிமையைச் சேர்ந்து விற்கலாம் என்று புதுச் சட்டம் பிறந்தது. 1961-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி ஜனாதிபதி கென்னடி அதில் கையெழுத்திட்டார்.

அடுத்த ஆண்டே சி.பி.எஸ். கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. வருஷத்துக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் டாலர். 14 கோஷ்டிகள், ஆளுக்குச் சம பங்கு. நியூயார்க்குக்கு எவ்வளவோ, கிரீன் பேக்கும் அவ்வளவே!

கிரீன் பே கோஷ்டிக்கு வின்ஸ் லொம்பார்டி என்ற கண்டிப்பான பயிற்சியாளர் 1959-லேயே வந்திருந்தார். திறமை அவரிடம் இருந்தது. அந்தத் திறமை நிலைத்து நிற்கப் பங்குப் பணம் கைகொடுத்தது.

காலி நாற்காலிகள், இரண்டு கம்பெனிகள்

1967-ம் ஆண்டு ஜனவரி 15-ம் தேதி. இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். பழைய லீக்கின் சாம்பியன் கிரீன் பே பாக்கர்ஸும், போட்டி லீக்கின் சாம்பியன் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸும் முதல் தடவையாக மோதின. இன்று உலகமே "சூப்பர் பௌல்" என்று அழைக்கும் பந்தயம் இதுதான். சீஃப்ஸ் கோஷ்டியின் முதலாளி லாமர் ஹண்ட், தம் மகள் விளையாடிய "சூப்பர் பால்" என்ற ரப்பர் பந்தை நினைத்து வைத்த பெயர் அது.

இன்றைக்கு இந்தப் பந்தயத்துக்கு ஒரு டிக்கெட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. அன்றைக்கோ அதிகபட்ச டிக்கெட்டு விலை 12 டாலர்தான். அதுவே ஜாஸ்தி என்று ஜனங்கள் குறைப்பட்டார்கள். வந்தவர்கள் 61,946 பேர். மூன்றில் ஒரு பங்கு நாற்காலிகள் காலி!

ஒரு லீக்கின் ஒளிபரப்பு உரிமை சி.பி.எஸ். கம்பெனியிடம், மற்றதன் உரிமை என்.பி.சி. கம்பெனியிடம். யாரும் விட்டுக் கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு கம்பெனிகளும் ஒரே பந்தயத்தை ஒரே நேரத்தில் காட்டின!

இதில் ஒரு வேடிக்கை. இடைவேளை முடிந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். என்.பி.சி.யோ இன்னும் மைதானத்துக்குத் திரும்பவில்லை! என்ன செய்வது? நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து உதைக்கச் சொன்னார். டெலிவிஷனுக்காக மைதானம் காத்திருந்த நாள் அது!

இன்னொரு வேடிக்கை மாக்ஸ் மக்கீயின் கதை. பாக்கர்ஸ் கோஷ்டியில் வயதான ஆட்டக்காரர். தமக்கு ஆட வாய்ப்பு வராது என்று நினைத்து, முதல் நாள் இரவு ஊர் சுற்றிவிட்டு விடியற்காலம்தான் அறைக்குத் திரும்பினார். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒருவருக்குக் காயம். "மக்கீ, உள்ளே போ!" என்றார்கள். மனிதர் தம் தலைக்கவசத்தைக்கூடக் கொண்டு வரவில்லை! இன்னொருவருடையதை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடினார். சூப்பர் பௌல் சரித்திரத்தின் முதல் டச் டவுன் அவருடையது. பிறகு இன்னும் ஒன்றும் எடுத்தார்.

முடிவு 35-10. ஆலை ஊர் சாம்பியன்! வென்ற கோஷ்டியின் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 15,000 டாலர். தோற்றவர்களுக்கு அதில் பாதி.

அழிந்துபோன படம்

இத்தனை பெரிய பந்தயத்தின் ஒளிபரப்பை எங்கே பத்திரப்படுத்தினார்கள்? எங்கேயும் இல்லை! அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம். இரண்டு கம்பெனிகளுமே தங்கள் டேப்பை அழித்து வேறு நிகழ்ச்சிக்கு உபயோகப்படுத்திவிட்டன.

பல ஆண்டுகள் கழித்து, பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு வீட்டுப் பரணில் பழைய டேப்புகள் அகப்பட்டன. யாரோ ஒரு ரசிகர் அன்று பதிவு செய்து வைத்தது. அதிலும் முழு ஆட்டம் இல்லை. 2016-ம் ஆண்டில் லீக்கின் படப்பிடிப்புப் பிரிவு தன்னிடமிருந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒட்டி, 145 ஆட்டக் கட்டங்களையும் ஒரு மாதிரி வரிசைப்படுத்திக் காட்டியது.

அன்று அழித்த சரக்கின் இன்றைய விலையைப் பாருங்கள். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் 30 விநாடி விளம்பரத்துக்கு 80 லட்சம் டாலர் வரை வாங்கினார்கள். சராசரியாகப் பார்த்தவர்கள் 12 கோடியே 77 லட்சம் பேர்.

லீக்குக்கு வரும் பொதுப் பணத்தில், கிரீன் பே கோஷ்டியின் 2025-ம் ஆண்டுக் கணக்குப்படி, அதற்குக் கிடைத்த பங்கு 43 கோடியே 26 லட்சம் டாலர். இதில் பெரும் பகுதி ஒளிபரப்புப் பணம். நியூயார்க்குக்கும் அதே தொகைதான். அன்று போட்ட பங்கு முறை இன்றும் மாறவில்லை!

கொழும்பில் ஒரு சோதனை

இந்த முட்டைப் பந்து ஆட்டத்தை நம் பக்கமும் கொண்டு வந்து பார்த்தார்கள். "எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா" என்று பெயர். 2012-ம் ஆண்டில் முதல் பருவம். பெயரில்தான் இந்தியா, ஆட்டங்கள் நடந்தது இலங்கையில், கொழும்பில். அவற்றைப் படம் பிடித்து, பின்னர் டென் ஸ்போர்ட்ஸ் டெலிவிஷனில் காட்டினார்கள். இறுதியில் புனே மராத்தாஸ் கோஷ்டி 6-0 என்று டில்லி டிஃபெண்டர்ஸை வென்றது.

ஆனால் அது வேரூன்றவில்லை. ஊருக்குள் ஆடிப் பழகாத ஆட்டத்தைத் திரையில் மட்டும் காட்டினால் ஜனங்கள் ஒட்டுவார்களா? ஒளிபரப்பு ஆட்டத்தை வளர்க்கும், விதை போடாது. விதை தெருவில் இருக்கவேண்டும்.

அந்த விதை வடசென்னைத் தெருக்களில் ஏராளமாக இருக்கிறது. அது உருண்டைப் பந்தின் விதை!

வெள்ளத்தில் வந்த வெற்றி

2014-ம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. சென்னைக்கு "சென்னையின் எஃப்.சி." என்ற கோஷ்டி வந்தது. 2015-ம் ஆண்டில் அந்தக் கோஷ்டி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு வரிசையாக வென்று அரை இறுதிக்கு ஏறியது.

அந்த நேரத்தில்தான் டிசம்பர் வெள்ளம்! சென்னை தத்தளித்தது. மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தின் தாழ்ந்த பகுதிகளிலெல்லாம் தண்ணீர். மின்சாரம் இல்லை. சென்னையில் நடக்கவேண்டிய அரை இறுதிப் பந்தயத்தைப் புனேக்கு மாற்றினார்கள்.

டிசம்பர் 12-ம் தேதி, தன் ஊரை விட்டு வெளியூரில் நின்று "உள்ளூர்ப் பந்தயம்" ஆடிய சென்னை கோஷ்டி, அத்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது. அன்று சென்னைவாசிக்குத் தன் கோஷ்டியைப் பார்க்க டெலிவிஷன் ஒன்றுதான் வழி.

டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்திவிட்டது. "போச்சு!" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 90-வது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பரின் கையில் பட்டுப் பந்து உள்ளே போயிற்று. 2-2! இரண்டே நிமிஷத்தில் மெண்டோசா இன்னொரு கோல் போட்டார். 3-2! வெள்ளம் வடிந்தும் வடியாத நகரத்துக்குக் கோப்பை வந்தது.

வியாசர்பாடியின் கணேஷ்

2018-ம் ஆண்டில் மறுபடியும் சென்னை சாம்பியன். மார்ச் 17-ம் தேதி பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூர் கோஷ்டியையே 3-2 என்று வென்றது.

அந்தச் சென்னை கோஷ்டியின் நடுக்களத்தில் ஆடியவர் தன்பால் கணேஷ். வியாசர்பாடிக்காரர்! சடையங்குப்பத்துக்குத் தெற்கே, அதே வடசென்னை. இறுதிப் பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு, நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 என்று வென்ற அரை இறுதியில் ஒரு கோல் அவர் போட்டது.

வடசென்னையின் இன்னொரு பிள்ளை நந்தகுமார் சேகர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் டூரண்ட் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்கால், தன் பரம வைரியான மோகன் பகானை 1-0 என்று வென்றது. கொல்கத்தாவே கொண்டாடிய அந்த ஒரு கோல் நந்தகுமாருடையது.

இவர்களையெல்லாம் உருவாக்கியது எது? பளிங்கு மாளிகைப் பயிற்சிக் கூடமா? இல்லை. குடிசைப் பகுதிப் பிள்ளைகளைக் கூட்டி, பந்தும் படிப்பும் சேர்த்துக் கொடுத்த தொண்டர்கள், புழுதி மைதானங்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள்.

வானம் யாருக்குச் சொந்தம்?

ஒளிபரப்பைப் பற்றி நம் நாட்டிலும் பெரிய வழக்கு நடந்ததுண்டு. 1993-ம் ஆண்டு ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற தகராறு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. "வானலைகள் பொதுச் சொத்து" என்று 1995-ம் ஆண்டு பிப்ரவரியில் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

2007-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள பந்தயங்களின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் கம்பெனி பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். சந்தா கட்டாத வீட்டுக்கும் பந்தயம் போய்ச் சேர அது வழி செய்தது. தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டு முதல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டெலிவிஷன் பெட்டிகள் ஏழை வீடுகளில் இருந்தன. பெட்டி இருந்தால் போதுமா? அதில் பந்தயமும் வரவேண்டாமா?

அமெரிக்கச் சட்டம் பணத்தைப் பங்கிட வழி செய்தது. இந்தியச் சட்டம் படத்தைப் பங்கிட வழி செய்தது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் ஆட்டம் நொண்டும்.

ஏலம் கூறியும் ஆள் வரவில்லை

இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-ம் ஆண்டில் தன் வியாபார உரிமைகளை ரிலையன்ஸ் சேர்ந்த ஒரு கம்பெனிக்கு 15 ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்தது. மொத்தம் 700 கோடி ரூபாய். அந்தக் குத்தகை முடியும் நாள் 2025-ம் ஆண்டு டிசம்பர் 8.

நாள் நெருங்கியது. அடுத்தது என்ன என்று முடிவாகவில்லை. ஜூலை மாதத்தில் "லீக்கை நிறுத்தி வைக்கிறோம்" என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் பெங்களூர் கோஷ்டி சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னை கோஷ்டியும் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. பின்னர் புதிய குத்தகைக்கு டெண்டர் கோரினார்கள். நவம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒரு டெண்டர்கூட இல்லை!

2026-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய விளையாட்டு மந்திரி தலையிட்டார். பிப்ரவரி 14-ம் தேதி லீக் தொடங்கும், 14 கோஷ்டிகளும் ஆடும் என்று அறிவித்தார். ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து 91 ஆக்கினார்கள். ஐந்து மாதம் தாமதம்!

ஆட்டக்காரனின் வாழ்வில் ஐந்து மாதம் சாமான்யமா? அவன் உடம்பு ஓடுவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். ஆலைத் தொழிலாளிக்குக் கதவடைப்பு எப்படியோ, அப்படித்தான் ஆட்டக்காரனுக்கு இது. பட்டினி கிடக்கும் மாதங்களில்கூட அவன் ஓடிப் பழகவேண்டும். இல்லாவிட்டால் உடம்பு கெட்டுவிடும்!

ஏன் இப்படி?

கிரிக்கெட்டில் இந்தக் கவலை இல்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலை போயிற்று. அங்கேயும் கோஷ்டிகளுக்குப் பங்கு உண்டு.

காரணம் ரகசியம் அல்ல. ஒவ்வொரு ஓவருக்கும் நடுவே ஒரு விளம்பரம் போடலாம். அமெரிக்க முட்டைப் பந்தும் அப்படியே. நம் கால்பந்தோ 45 நிமிஷம் மூச்சு விடாமல் ஓடும். விளம்பரத்துக்கு இடம் ஏது? ஆகவே வியாபாரி கணக்குப் பார்க்கிறான்; தயங்குகிறான்.

அப்படியானால் கால்பந்து பிழைக்கவே முடியாதா? இங்கிலாந்தில் இதே கால்பந்துதான் கோடி கோடியாகப் பணம் சம்பாதிக்கிறது. அங்கே ஜனங்கள் தங்கள் ஊர்க் கோஷ்டியோடு தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கிறவர் கூட்டம் நிச்சயம் என்றால், கம்பெனிகள் தாமே தேடி வரும். கூட்டம் சேர வேண்டுமானால், ஆட்டம் முதலில் எல்லா வீட்டுக்கும் வரவேண்டும். அடுத்தபடியாக, ஆடுகிறவன் தங்கள் தெருப் பிள்ளை என்ற பாசம் வேண்டும்.

பாசத்துக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. கணேஷ் ஆடுகிறான் என்றால் வியாசர்பாடி முழுவதும் டெலிவிஷன் முன்னால் உட்காரும். நாளை சடையங்குப்பத்துப் பிள்ளை ஆடினால் பர்மா நகரும் உட்காரும்.

பங்கு எங்கே?

ரோசெல் கண்ட வழியில் ஒரு நல்ல விவேகம் இருக்கிறது. பணத்தைப் பங்கிட்டது தான தர்மத்துக்காக அல்ல. ஆட்டம் சாகாமல் இருப்பதற்காக. சிற்றூர் பிழைத்தால் போட்டி பிழைக்கும். போட்டி பிழைத்தால் பார்க்கிறவர்கள் வருவார்கள். பார்க்கிறவர்கள் வந்தால் பெரிய நகரமும் கொழிக்கும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இது.

உலகக் கால்பந்து சம்மேளனத்திலும் இப்படி ஒரு விதி உண்டு. ஓர் ஆட்டக்காரனை ஒரு நாட்டுக் கோஷ்டி மற்றொரு நாட்டுக் கோஷ்டிக்கு விலைக்குக் கொடுத்தால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனைச் சிறு வயதில் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போகவேண்டும். விதை போட்டவனுக்கும் விளைச்சலில் பங்கு!

நம் லீக்கில் புதிய ஒப்பந்தம் எழுதும்போது இந்த இரண்டையும் மனதில் வைக்கவேண்டும். ஒளிபரப்பில் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் சில காசுகளாவது வியாசர்பாடியின் புழுதி மைதானத்துக்கும், அதைப்போன்ற நூறு மைதானங்களுக்கும் திரும்பி வரவேண்டும். இறுதிப் பந்தயமாவது சந்தா கட்ட முடியாத வீட்டுக்கும் இலவசமாக வரவேண்டும்.

கிரீன் பே ஊர்க்காரர்களுக்கு லாபப் பங்கு ஒரு காசும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனைத் திருகினால் தங்கள் ஊர்ப் பெயர் நியூயார்க்குக்குச் சமமாக நிற்கிறது. அந்த ஊரில் ஆலை உண்டு, துறைமுகம் உண்டு, தொழிலாளிகள் உண்டு. வடசென்னையில் அவை மூன்றும் உண்டு. ஆட்டக்காரர்களும் உண்டு. குறைவது பங்கு ஒன்றுதான்!